கயிறு பிடித்தவர்

அந்தக் கட்டடத்துக்கு நான் முதன்முதல் போனது ஒரு திங்கட்கிழமை காலை, நல்ல வெயில். பேய்க்கதை சொல்கிறவர்கள் மழையும் இருட்டும் இல்லாமல் வாய் திறக்கமாட்டார்கள். என்னிடம் இருப்பது வெயில்தான். எல்லாமே காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, கண் கூசுகிற வெளிச்சத்தில் நடந்தது.

மயிலிட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இறங்குதுறை. பெயர் சொல்லமாட்டேன், சங்கத்தின் பெயரும் வேண்டாம். போரால் ஆட்கள் இருபத்தேழு வருடம் கால் வைக்க முடியாமல் கிடந்து, பிறகு திரும்பி வந்து குடியேறிய கரை அது. சங்கக் கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் வைத்த கிட்டங்கி. சுவரின் கீழ்ப்பாதி பழைய சுண்ணாம்புக் கல், மேற்பாதி புதுச் சீமெந்துக் கல். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கால் வைத்தால் நிலம் குளிர்ந்தது. மண்ணெண்ணெயும் காய்ந்த சாதாளையும் கலந்த ஒரு மணம். சாதாளை என்றால் கரையில் ஒதுங்கி அழுகுகிற கடற்பாசி. அந்த மணம் எனக்கு அன்று பிடித்துக்கூட இருந்தது.

நான் பிரியந்தினி. கோப்பாயில் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். தரவுத்தளம் திருத்துவது என் தொழில். ஓர் இடத்துப் பெயர்களையும் நேரங்களையும் கணினியில் அட்டவணை அட்டவணையாக வைத்திருப்பார்கள் அல்லவா, உள்ளே இருப்பது சிந்தாமல் அந்த அட்டவணையின் அமைப்பை மாற்றிக் கொடுப்பேன். கட்டிலில் ஆள் படுத்திருக்க, எழுப்பாமல் கட்டில் காலை மாற்றுகிற வேலை என்று அத்தான் பகிடி பண்ணுவார்.

அத்தான் என்றால் சுபாஸ்கரன், என் அக்கா கோபிகாவின் கணவர். அந்தச் சங்கத்தில் சம்பளத்துக்குச் செயலாளர். ஊர் அச்சுவேலி. மீன் சாப்பிடுவதைத் தவிரக் கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பா இறந்தபின் என்னைப் படிப்பித்தவர் அவர்தான். விடியற்காலை வகுப்புக்கு மோட்டச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை மதகில் குந்தியிருப்பார். என் முதல் மடிக்கணினி அவர் வாங்கித் தந்தது. அவர் கூப்பிட்டால் ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது.

அன்று அவருடைய வலக்கையில் துணி சுற்றியிருந்தது. அது புதிதல்ல. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண்டிருக்கிறேன். மோட்டச் சைக்கிள் சைலன்சர் சுட்டது என்பார். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே கையை ஒரே சைலன்சர் எப்படிச் சுடும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இன்னொன்றும் கண்டேன். மூன்று யன்னலும் கடலைப் பார்க்க, அவர் தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

சுவரில் ஒரு பெரிய திரை. விடியப்புறம் தொழிலுக்குப் போன படகுகளில் இன்னும் கரை திரும்பாதவை அதில் வரி வரியாக நிற்கும். பத்து மணியளவில் எல்லாம் வந்து முடிய, வரிகளும் மறைந்துவிடும். நான் போனது ஒன்பது மணிக்கு. அன்று எல்லாம் வேளைக்கே வந்துவிட்டன. ஒரே ஒரு வரிதான் மிச்சம். நூற்றுப்பதினேழு, ஜெயதீபன்.

இவர் இன்னும் வரவில்லையா என்று கேட்டேன்.

"அவன் போய் ஒரு வருசமும் நாலு மாசமும்," என்றார் அத்தான், திரையைப் பார்க்காமல்.

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிரல்கள்: படகு இலக்கம், ஆட்கள், போன நேரம், வந்த நேரம், கயிறு பிடித்தவர். கடைசியில் இருப்பது அந்தக் கரைக்கே உரிய வழக்கம். படகு கிட்ட வந்ததும் உள்ளே நிற்பவர் கயிற்றை வீசுவார். கரையில் யார் கையில் அது சேர்கிறதோ அவர் பெயரைக் கொப்பியில் எழுதுவார்கள். கயிறு ஒரு கையில் சேரும்வரை படகு வந்ததாகச் சொல்லமாட்டார்கள். கொப்பி போய்க் கணினி வந்தபோதும் அந்த நிரலை அவர்கள் விடவில்லை.

ஜெயதீபனின் வரியில் கடைசி இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன.

அத்தான் வேலையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு புதிய எச்சரிக்கை முறை தொடங்கப் போகிறது. நேரத்துக்கு வராத படகு ஒன்று இருந்தாலும் கரையிலுள்ள எல்லாருடைய போனும் அலறும். இந்த ஒரு வரி இப்படியே நின்றால் நாளும் பொழுதும் அலறிக்கொண்டிருக்கும். ஆகவே அட்டவணையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அன்றன்று கடலில் நிற்பவை ஒன்றில், முடிந்த பயணங்கள் மற்றதில். முடிந்தவற்றின் அட்டவணையில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று விதி போட்டுவிட வேண்டும்.

இது நாங்கள் அடிக்கடி செய்கிற வேலைதான். ஆனால் இருக்கிற வெறுமையை நிரப்பாமல் கணினி அந்த விதியை ஏற்காது. நான் நியாயமான வழியைச் சொன்னேன். ஆறாவதாக ஒரு நிரல் சேர்ப்போம், 'திரும்பவில்லை' என்று அதில் குறிப்போம், அந்த வரியை வேறாக வைப்போம் என்றேன். மேலிடத்துப் படிவத்தில் ஐந்துக்குத்தான் இடம் என்றார்.

"தாய் இருக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"இருக்கிறா. அவவும் ஓமெண்டிட்டா. கீரிமலையிலை அந்தியேட்டியும் செய்து முடிச்சிட்டினம். நீ போடு."

அந்தியேட்டி செய்தாயிற்று என்றால் அதன்பின் கேட்க ஒன்றுமில்லை. செத்தவர்களை முறைப்படி அனுப்பிவைத்த வீடு. வந்த நேரத்துக்குப் பத்து பத்து என்று போடச் சொன்னார், வழக்கமாக அவன் வருகிற நேரமாம். கயிறு பிடித்தவருக்கு யார் பெயர் என்று கேட்டேன். மாற்றம் செய்கிற ஆளின் பெயர் தன்பாட்டில் விழுகிற மாதிரி விட்டுவிடு, பிறகு பார்ப்போம் என்றார். அவருடைய கணக்கில் நுழையத்தான் போனேன். கடவுச்சொல் வேலை செய்யவில்லை, உன்னுடையதைப் போடு என்றார். பழைய தரவின் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஓமென்றார்.

நான்கு பொய், வரிசையாக. அதுவும் என் முகத்தைப் பார்த்து.

பொத்தானை அழுத்தினேன். ஒரு வரி மாற்றப்பட்டது என்று கணினி சொன்னது. சுவர்த் திரையில் ஜெயதீபனின் பெயர் போய், 'கடலில் எவரும் இல்லை' என்று வந்தது.

அத்தான் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அடுத்து அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையில் சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தார். உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு, சதை கிழிந்து, பச்சையாக. விரல்களை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். பிறகு எழும்பித் தன் கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, பிளேன்ரீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வரவில்லை.

நான் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு படகு எஞ்சின் கேட்டது.

எல்லாப் படகும் வந்தாயிற்று என்பது நினைவுக்கு வர, யன்னலால் எட்டிப் பார்த்தேன். கடல் தட்டையாக, வெறுமையாகக் கிடந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கிட்ட வந்தது. ஒழுங்காக வந்து, வேகம் குறைந்து, துறைக்கு நேரே நின்றது.

பிறகு ஒரு சத்தம். ஈரமான ஒன்று காற்றில் வரும் சத்தம்.

என் வலக்கையில் அது விழுந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. மூடிய விரல்களுக்கிடையால் தண்ணீர் வழிந்தது. குளிர்ந்த தண்ணீர். உப்பு மணம், மண்ணெண்ணெய் மணம், சாதாளை மணம். ஒரு முறை, சின்னதாக, அது என்னை இழுத்தது. கரையில் ஆள் நிற்கிறதா என்று பார்க்கிற இழுவை.

பிறகு போய்விட்டது. சுவர் மணிக்கூட்டில் பத்து பதினொன்று.

கையின் ஈரத்தைத் துடைக்க முன்னமே வாசலில் ஒரு அம்மா வந்து நின்றா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை, உள்ளே மடித்த சாரமும் சேர்ட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழக்கமான இடம் போல மர வாங்கில் குந்தி, திரையைப் பார்த்தா. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"பிள்ளை, எங்கை என்ரை பொடியன்ரை பேர்?"

அவதான் கேதீஸ்வரி, ஜெயதீபனின் தாய். மகன் போன நாளிலிருந்து தினமும் அந்த நேரம் வருவாவாம். வருகிறவன் நனைந்து வருவான் என்று மாற்று உடுப்போடு வருவாவாம். திரையில் பெயர் நிற்கும்வரை பிள்ளை கடலில் நிற்கிறான், அவ்வளவுதான் அவவுக்குத் தெரியும். நான் அந்தியேட்டியைப் பற்றிக் கேட்டேன். அவ என்னை ஏதோ தூஷணம் பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தா.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?"

கணினியில் ஏதோ பிழை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நானும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். அத்தானின் போன் அன்று முழுக்க அணைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் கோப்பாயில், என் வீட்டில். சுற்றிவர வெங்காயத் தோட்டம், செம்மண், வாழை. கடல் கண்ணுக்கும் எட்டாது, காதுக்கும் எட்டாது. பத்து ஐந்துக்கு எல்லா யன்னலையும் சாத்தினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

பத்து பத்துக்குத் தோட்டத்துக்குள்ளால் எஞ்சின் வந்தது.

வாழைகளுக்கு அப்பால் தொடங்கி, வெங்காயப் பாத்திகளுக்கு மேலால் வந்து, படலையடியில் வேகம் குறைத்து நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. சாத்திய யன்னலுக்குள்ளால் கயிறு வந்தது. இந்த முறை இரண்டு தரம் இழுத்தது. கதிரையோடு நானும் ஒரு சாண் நகர்ந்தேன். போனபின் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு சிவந்த கோடு.

உடனே கணினிக்கு முன்னால் இருந்து அட்டவணையைத் திருத்தினேன். வெறுமை கூடாது என்ற விதியை நீக்கினேன். நீங்கியது. இரண்டு கட்டத்தையும் வெறுமையாக்கினேன். ஆனது. திரும்பத் திறந்து பார்த்தேன். விதி பழையபடி நின்றது. வந்த நேரம் பத்து பத்து. கயிறு பிடித்தவர் பிரியந்தினி. பதினொரு தடவை செய்தேன். பதினொரு தடவையும் அப்படியே. பழைய பிரதியைத் தேடினால், அத்தான் அப்படி ஒன்று எடுத்திருக்கவே இல்லை.

புதன்கிழமை அது என்னை விறாந்தை கடந்து, முற்றம் கடந்து, கிணற்றடிவரை இழுத்துக்கொண்டு போனது. கிணற்றுத் தூணை இடக்கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம்தான், ஆனால் அது முடிவதாக இல்லை. கயிற்றின் அந்தப் பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. கோபமான மூச்சில்லை. களைத்த மூச்சு. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

விட்டபின் முகம் கழுவத் தண்ணீர் அள்ளினேன்.

கிணறு உப்புக் கரித்தது.

அன்று பின்னேரம் அச்சுவேலிக்குப் போனேன். அத்தானின் மோட்டச் சைக்கிள் வாசலில் நின்றது, அவர் வீட்டில் இல்லை என்றாள் அக்கா. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா என் கையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து, மருந்தும் துணியும் எடுத்து வந்து கட்டத் தொடங்கினாள். பழகிய கை. ஒவ்வொரு நாளும் கட்டிப் பழகிய கை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தானின் பொய்களைவிட அந்தக் கட்டுத்தான் என்னை வெட்டியது.

மெதுவாகச் சொன்னாள். போன வருடம் ஒரு நாள், அத்தானுக்கு ஒரு கலியாண வீடு. கடைசிப் படகு வரும்வரை துறையில் நின்று ஒவ்வொரு படகாகப் பதிய வேண்டியவர், எட்டரைக்கே எல்லாப் படகுக்கும் 'வந்தது' என்று கொப்பியில் எழுதி, கயிறு பிடித்தவர் என்று தன் பெயரையும் வரிசையாக எழுதிவிட்டு வெளிக்கிட்டுவிட்டார். மற்ற எல்லாம் வந்தன. தனியாகப் போன ஜெயதீபன் வரவில்லை. கொப்பியில் வந்தது என்று இருந்தபடியால் அடுத்த நாள் விடியும்வரை ஒருவரும் தேடிப் போகவில்லை. விசாரிக்க ஆட்கள் வருமுன் அத்தான் அந்த வரியில் 'வந்தது' என்பதையும் தன் பெயரையும் அழித்தார். கொப்பியில்தான் அழிந்தது. அன்றிலிருந்து காலையில் அக்கா கதவைச் சாத்தி, அவரைக் கட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருப்பாளாம். பிள்ளைகள் வெளியில் நின்று கதவைத் தட்டுவார்களாம்.

இன்னொருவர் பெயர் அந்தக் கட்டத்தில் விழுந்தால் மட்டும்தான் விடும் என்று அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அதுக்கு என்ரை பேரோ, அக்கா?"

அவள் முடிச்சைப் போட்டு, மிச்சத் துணியை வெட்டினாள்.

"பிள்ளையள் சின்னன்கள், பிரியா. நீ தனி ஆள்தானே."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பலநாள் யோசித்து, கணக்குப் பார்த்து, சரிதான் என்று முடிவெடுத்த குரல். மதகில் குந்தியிருந்த அத்தானும், எனக்குத் தலை பின்னிவிட்ட அக்காவும் மேசையில் இருந்து என்னைப் பற்றிக் கதைத்து முடித்திருக்கிறார்கள். சாத்திய கதவைப் பார்த்தேன். அதன் கீழ் இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. கேட்டுக்கொண்டு நின்றார். நான் எழும்பி வந்துவிட்டேன். வழிநெடுக அழுதேன், பயத்தில் அல்ல.

அன்றிரவு கையில் மடிக்கணினி இருந்தது. அத்தானின் பெயரை அந்தக் கட்டத்தில் திருப்பிப் போட எனக்கு அரை நிமிடம் போதும். போடுவதற்கு எல்லா நியாயமும் என்னிடம் இருந்தது. கதவைத் தட்டுகிற பிள்ளைகள்தான் குறுக்கே நின்றார்கள். போடவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கேதீஸ்வரி அன்ரியின் வீட்டுக்குப் போனேன். துறைக்குப் பக்கத்திலேயே, தகரக் கூரை போட்ட இரண்டு அறை. சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தா. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன். திட்டுவா, அடிப்பா என்று நினைத்தேன், அது எனக்குத் தேவையாகவும் இருந்தது. அவ கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அண்டைக்கு என்ரை பிள்ளையை ஒருத்தரும் தேடேல்லை."

ஓம் என்றேன்.

கொஞ்ச நேரம் சேர்ட்டின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தா. பிறகு அந்தக் கரையின் வழக்கத்தில் எனக்குத் தெரியாத பாதியைச் சொன்னா. கயிற்றைப் பிடித்தவர், படகில் நிற்கிறவர் இறங்கிக் கரையில் கால் வைக்கும்வரை விடக்கூடாது. விட்டால் அவரைக் கைவிட்டதாக அர்த்தம். ஜெயதீபன் ஒவ்வொரு நாளும் வந்து கயிற்றைப் போடுகிறான். பிடிக்கிறவர்கள் பயத்தில் கட்டிலையும் தூணையும் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் எப்படி இறங்குவான்?

"என்ரை பேரைப் போடு பிள்ளை. அது எனக்கு வரவேண்டிய கயிறு."

நான் மாட்டேன் என்றேன். அவ கெஞ்சவில்லை. என் கையை எடுத்து, துணிக்கு மேலால் தடவி, நீ வேறை ஒருத்தரின் பிழையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் என்று மட்டும் சொன்னா. ஒன்பது ஐம்பதுக்கு நான் பெயரை மாற்றினேன். அந்தக் கட்டம் மறுக்கவில்லை. கேதீஸ்வரி என்று பதிந்து, அப்படியே நின்றது.

இருவரும் துறை முனைக்குப் போனோம். ஆட்கள் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து பத்துக்கு எஞ்சின் வந்தது. எனக்கு அது கேட்டது, கயிறு எனக்கு வரவில்லை. அன்ரியின் கை உயர்ந்து மூடியதைக் கண்டேன். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடியது.

"இறங்கு ராசா," என்றா. "அம்மா பிடிச்சிருக்கிறன்."

யாரும் இறங்கவில்லை.

அவ தண்ணீருக்குள் ஒரு படி இறங்கினா. பிறகு இன்னொன்று. நான் சேலையைப் பிடித்தேன். ஈரச் சேலை என் கைக்குள்ளால் உருவிப் போனது. மார்பளவு தண்ணீரில் உடுப்புப் பையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு நடந்தா. யாரோ கை நீட்டி அதை வாங்கியது போல, பை முதலில் மறைந்தது.

எஞ்சின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. தட்டையான கடலில், படகு இல்லாமல், படகின் தடம் மட்டும் வெள்ளையாக வளைந்து வடக்கே போனது.

இந்த முறை தேடினார்கள். நான் கத்திய கத்தலில் பத்து நிமிடத்துக்குள் இருபது படகு இறங்கியது. மூன்று நாள் தேடினார்கள். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொடக்க விழா பிற்போடப்பட்டது. என் கை ஆறத் தொடங்கியது. கிணறு நன்னீருக்குத் திரும்பியது. எட்டு நாள் காலை பத்து பத்து சத்தமில்லாமல் வந்து போனது. அத்தான் ஒருமுறை போன் அடித்தார், நான் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள், அதாவது இன்று காலை, மனம் கேட்காமல் அட்டவணையைத் திறந்தேன். நூற்றுப்பதினேழாம் இலக்கப் படகின் வரியில் ஆட்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. இப்போது இரண்டு.

கயிறு பிடித்தவர்: சுபாஸ்கரன்.

நான் மாற்றவில்லை. யார் எப்போது மாற்றினார் என்று தனியே ஒரு பதிவு இருக்கும், அதைப் பார்த்தேன். நேரம் இன்று காலை. மாற்றியவர் கேதீஸ்வரி. அந்தத் தரவுத்தளத்தில் அப்படி ஒரு பெயருக்கு யாரும் எக்காலத்திலும் கணக்குத் திறந்ததில்லை.

பத்து எட்டுக்குப் போன் அடித்தது. அக்கா.

"பிரியா, அவரின்ரை கை திரும்ப வெடிச்சிட்டுது," என்றாள். "அதை மாத்த உன்னாலைதானே ஏலும்."

வெறுமையாக்க முடியாது, பெயர்தான் போடலாம் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பெயர் என்று அவள் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. சின்ன வயதில் இருட்டில் பயந்தால் அந்த மூச்சைக் கேட்டுத்தான் நித்திரையாவேன்.

திரையில் அந்தக் கட்டம் திறந்திருந்தது. என் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. என் பெயரில் ஆறு எழுத்து.

நான் ஒன்றையும் எழுதவில்லை.

பத்து பத்து. போனுக்குள் ஒரு கதவு அடித்துச் சாத்தும் சத்தம், பிள்ளைகளின் சத்தம். அதற்குப் பின்னால், தூரத்திலிருந்து, ஒழுங்காகக் கிட்ட வந்து, வேகம் குறைத்து நிற்கும் ஒரு எஞ்சின். அச்சுவேலியில் அக்காவின் வீட்டைச் சுற்றி வெங்காயமும் புகையிலையும்தான்.

அக்கா போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். தொடுப்பு அறவில்லை. ஈரமான ஒன்று எங்கோ அறைந்து விழுந்தது. அத்தானின் குரல் என் பெயரைச் சொன்னது, ஒரே ஒரு தடவை.

பிறகு போனுக்கு மிகக் கிட்ட, அவசரமே இல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு குரல்.

"பிடியுங்கோ, செயலாளர் தம்பி. நாங்கள் ரெண்டு பேரும் இறங்கிற வரைக்கும் விடாதேங்கோ."